பனாமா கால்வாயை முதன்முறை காணச் செல்பவர்களுக்கு

பனாமாவுக்குப் பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கும் அந்தக் கால்வாயில், இரு முனைகளிலும் உள்ள சிறு பகுதிகளைத் தவிர்த்தால், கடல்நீர் இல்லை. கப்பல்கள் கடலிலிருந்து மூன்று படிகள் ஏறி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு நன்னீர் ஏரியைக் கடந்து, மறுபக்கம் மூன்று படிகள் இறங்கி அடுத்த கடலைச் சேருகின்றன. அந்த ஏரியை நிரப்புவது மழை. படிகளில் கப்பலை ஏற்றுவதும் இறக்குவதும் அதே மழைநீர்தான். சுமார் 80 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நீர்வழியை வெறும் வெட்டுவாய்க்காலாக எண்ணிச் செல்பவர், ஒரு கப்பல் படியாக அமைந்த ஒரு தொட்டிக்குள் நுழைந்து வெளியேறுவதைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் விடுதிக்குத் திரும்பிவிடுகிறார். ஏரியாக எண்ணிச் செல்பவருக்கு நான்கு நாட்களாவது வேண்டும். நான் முதல்முறை சென்றபோது இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே நாளை ஒதுக்கியிருந்தேன். இரண்டாம் முறை சென்றபோதுதான் கால்வாயைப் பார்த்தேன் என்று சொல்லத்தக்க அளவில் பார்த்தேன். அந்த இரண்டாம் பயணத்தின் வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

புறப்படுவதற்கு முன்

முதல் வேலை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இதை விசாவுக்கும் முன்னதாக வைக்கக் காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகளின் பட்டியலில் பனாமாவும் இருப்பதால், அங்கிருந்து இந்தியா திரும்புபவர் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்ட வேண்டும். காட்ட இயலாதவரைத் தனிமைப்படுத்தி வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும் என்பதால், கடைசி வாரத்தில் ஓடுவது பயன்தராது. எல்லா மருத்துவமனைகளிலும் இந்த ஊசி கிடைக்காது; அரசு அனுமதி பெற்ற மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அத்தகைய மையங்களில் ஒன்று. 60 வயதைக் கடந்தவர்களும், நோய் எதிர்ப்புத்திறன் குறைந்தவர்களும், கருவுற்ற பெண்களும் மருத்துவரைக் கலந்து பேசிய பிறகே இதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது விசா. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குப் பனாமா விசா தேவை. அமெரிக்கா போன்ற சில நாடுகளின் பலமுறை நுழைவு விசாவைக் கையில் வைத்திருப்பவர்களுக்குச் சலுகை அளிக்கப்படுவது உண்டு. அதன் நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், புது தில்லியில் உள்ள பனாமா தூதரகத்தில் கேட்டு எழுத்துவழி விடை பெற்றுக்கொண்டு பயணச்சீட்டு எடுப்பதே பாதுகாப்பானது. இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. இஸ்தான்புல், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், மாட்ரிட் ஆகிய ஊர்கள் வழியாகச் செல்லலாம். அமெரிக்க ஊர் ஒன்றின் வழியாகச் சென்றால், விமானம் மாறுவதற்கு மட்டுமே என்றாலும் அமெரிக்க விசா வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

எந்த மாதத்தில் செல்வது என்பது மூன்றாவது முடிவு. டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட பருவம். மே முதல் டிசம்பர் தொடக்கம் வரை மழைக்காலம். சுற்றுலாவுக்கு வறண்ட பருவத்தையே எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள், வெயிலும் காற்றும் இதமாக இருக்கும் என்பதும் உண்மைதான். ஆயினும் கால்வாயைக் காண்பதே நோக்கமாக இருந்தால், மழைக்காலத்தில் செல்வதையே நான் சொல்வேன். பெரும்பாலான நாட்களில் காலை வெளிச்சமாக இருந்து, பிற்பகலில் ஓரிரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். அந்த மழையில் நனைந்து நின்று ஏரியைப் பார்க்கும்போதுதான், அத்தனை கப்பல்களும் எதன் மீது மிதக்கின்றன என்பது கண்கூடாகத் தெரிகிறது. குடையோடு மெல்லிய மழைச்சட்டையும், கேமராவுக்கு நீர்புகா உறையும் எடுத்துச் செல்லுங்கள்.

வந்து இறங்கியதும்

தொகூமென் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் வர மெட்ரோ ரயிலே உண்டு; பெட்டிகள் மிகுதியாக இருந்தால் செயலிவழி அழைக்கும் வாடகைக் கார் எளிது. தெருவில் ஓடும் மஞ்சள் டாக்சிகளில் மீட்டர் கிடையாது என்பதால், ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துவிட வேண்டும். நாட்டின் நாணயம் பால்போவா. ஆனால் அதில் காசுகள் மட்டுமே உண்டு. தாள்கள் எல்லாம் அமெரிக்க டாலர்களே, ஒரு பால்போவா ஒரு டாலருக்குச் சமம். 50, 100 டாலர் தாள்களைச் சிறு கடைகளில் வாங்கத் தயங்குவார்கள் என்பதால் 5, 10, 20 டாலர் தாள்களாக எடுத்துச் செல்லுங்கள். மிச்சம் விழும் பால்போவா காசுகளை அந்த நாட்டிலேயே செலவழித்துவிடுங்கள், வெளியில் அவை செல்லாது.

பேசும் மொழி ஸ்பானியம். ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ள முடியும் என்றால் ‘எஸ்க்லூசாஸ்’ என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். கப்பலை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளுக்கு அங்கே அதுதான் பெயர். ‘கால்வாய்க்குப் போக வேண்டும்’ என்று சொன்னால் ஓட்டுநர் எங்கே அழைத்துச் செல்வார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஏனெனில் கால்வாய் நகரின் ஓரம் முழுவதும் ஓடுகிறது. நகருக்கு மிக அருகில் உள்ள பூட்டுகளின் பெயரைச் சேர்த்து ‘எஸ்க்லூசாஸ் தே மிராஃப்ளோரஸ்’ என்றால் யாருக்கும் ஐயம் வராது.

நகரில் குழாய்நீரைக் குடிக்கலாம். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கப்பல்களைச் சுமக்கும் காதூன் ஏரியும், அதற்கு மேலே மலைப்பக்கம் இருக்கும் ஆலாஹுவேலா ஏரியும்தான் தலைநகரத்து மக்களின் குடிநீருக்கும் ஆதாரம். விடுதி அறையில் நீங்கள் நிரப்பிக்கொள்ளும் குவளையும், மறுநாள் நீங்கள் காணப்போகும் தொட்டியும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கின்றன.

முதல் நாள்: திசையும் வரலாறும்

பனாமாவில் புதியவர்களைக் குழப்புவது திசை. வரைபடத்தைப் பார்க்காமல் வருபவர்கள், அட்லாண்டிக் கிழக்கிலும் பசிபிக் மேற்கிலும் இருக்கும், கால்வாய் கிழக்கு மேற்காக ஓடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிலம் அங்கே படுத்த ‘எஸ்’ எழுத்தைப் போல வளைந்திருப்பதால், அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குச் செல்லும் கப்பல் தென்கிழக்கு நோக்கிச் செல்கிறது. பசிபிக் வாயில் அட்லாண்டிக் வாயிலுக்குக் கிழக்கே இருக்கிறது. தலைநகரின் கடற்கரையில் நின்றால் பசிபிக்கின் மேல் சூரியன் உதிப்பதைக் காணலாம். இதைத் தெளிவாக்கிக்கொள்ள, முதல் நாள் காலையில் 199 மீட்டர் உயரமுள்ள ஆன்கோன் குன்றின் மேல் ஏறிவிடுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் நடந்து ஏற அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உச்சியில் ஒரு பெரிய தேசியக் கொடி பறக்கிறது. ஒரு பக்கம் வானளாவிய கட்டடங்கள், அவற்றுக்கு அப்பால் முறை வருவதற்காக நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்கள். மறுபக்கம் பால்போவா துறைமுகம், 1962இல் திறக்கப்பட்ட அமெரிக்காஸ் பாலம், உள்நாடு நோக்கி வளைந்து செல்லும் நீர்வழி.

அந்தக் கொடிக்கு ஒரு கதை உண்டு. கால்வாயின் இரு பக்கமும் அகன்ற ஒரு நிலப்பட்டை 1903 உடன்படிக்கையின்படி அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்தது. பனாமா மக்களுக்கு அது தங்கள் நாட்டின் நடுவே இருந்த அயல்நாடு. அங்கே பனாமாவின் கொடியையும் ஏற்ற வேண்டும் என்று கேட்ட மாணவர்களோடு 1964 ஜனவரி 9ஆம் தேதி மூண்ட மோதல் பெருங்கலவரமாகி இருபதுக்கும் மேற்பட்ட பனாமியர்கள் உயிரிழந்தார்கள். 1977இல் பனாமாவின் தலைவர் டோரிஹோஸும் அமெரிக்க அதிபர் கார்ட்டரும் கையெழுத்திட்ட உடன்படிக்கைகளின் வழியாக, 1999 டிசம்பர் 31 நண்பகலில் கால்வாய் முழுமையாகப் பனாமாவின் கைக்கு வந்தது. குன்றின் மேல் நின்று அந்தக் கொடியைப் பார்க்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், ‘இது எங்களுடையது’ என்று உள்ளூர்க்காரர்கள் கால்வாயைக் காட்டிச் சொல்லும்போது குரலில் வரும் அழுத்தம் புரியாது.

இறங்கியபின் பழைய நகரமான காஸ்கோ பகுதியில் உள்ள கால்வாய் அருங்காட்சியகத்துக்குச் செல்லுங்கள். ஒருகாலத்தில் பெரிய விடுதியாகவும், பிறகு பிரெஞ்சுக் கால்வாய் நிறுவனத்தின் தலைமையகமாகவும் இருந்த கட்டடம் அது. சூயஸ் கால்வாயை வெட்டிப் புகழ்பெற்ற லெசெப்ஸின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் 1881இல் இங்கே வேலையைத் தொடங்கினார்கள். சூயஸைப் போலவே கடல்மட்டத்தில் வெட்டிவிடலாம் என்று அவர் பிடிவாதமாக நம்பினார். மணற்பாங்கான வறண்ட நிலத்தில் செல்லுபடியான கணக்கு, மழைக்காட்டிலும், சரிந்துகொண்டே இருக்கும் களிமண் மலையிலும், ஒரே இரவில் பல மீட்டர் உயரும் சாக்ரஸ் ஆற்றிலும் செல்லவில்லை. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் கொன்றவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 22,000 பேர் மாண்ட பின், 1889இல் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. 1904இல் வேலையை எடுத்துக்கொண்ட அமெரிக்கர்கள், முதலில் கொசுவை ஒழிக்க வில்லியம் கோர்கஸ் என்ற மருத்துவரை நியமித்தார்கள். பிறகு ஜான் ஸ்டீவன்ஸ் என்ற ரயில்வே பொறியாளரின் சொல்லைக் கேட்டு, கடல்மட்டத் திட்டத்தைக் கைவிட்டு, ஆற்றுக்கு அணை கட்டி ஏரியாக்கி அதன் மேல் கப்பலை மிதக்க விடும் திட்டத்துக்கு மாறினார்கள். தொல்லையாக இருந்த ஆறே வழியாக மாறியது. 1914 ஆகஸ்ட் 15ஆம் தேதி ஆன்கோன் என்ற கப்பல் கடந்து செல்ல, கால்வாய் திறக்கப்பட்டது.

நேரம் இருந்தால், அதே நாள் மாலையில், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத்தவரைப் பற்றிய ஆப்ரோ ஆன்டிலிய அருங்காட்சியகத்தையும் பார்த்துவிடுங்கள். பழைய தேவாலயம் ஒன்றில் அமைந்திருக்கும் சிறிய இடம் அது. சுற்றுப்புறம் அவ்வளவு பாதுகாப்பானதல்ல என்பதால் வாசல் வரை டாக்சியில் செல்லுங்கள். கால்வாயை உண்மையில் தோண்டிய கைகளைப் பற்றி அங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். பார்படோஸ் தீவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். ஜமைக்காவிலிருந்தும் மார்ட்டினிக்கிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பலர் வந்தார்கள். அமெரிக்க வெள்ளையருக்குத் ‘தங்கப் பட்டியல்’, கறுப்பினத் தொழிலாளர்களுக்கு ‘வெள்ளிப் பட்டியல்’ என்று ஊதியமும் வீடும் கடையும் பிரிக்கப்பட்டிருந்தன. அமெரிக்கர் காலத்தில் இறந்தவர்களாக அரசுக் கணக்கு தரும் எண் 5,609. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளிப் பட்டியலில் இருந்தவர்கள். பெரிய அருங்காட்சியகங்களில் பொறியாளர்களின் படங்கள் பெரிதாக இருக்கும். இங்கே வீட்டுச் சமையலறை, கட்டில், தொழிலாளரின் மண்வெட்டி. இதைத் தவறவிடுபவர்களை எண்ணி எனக்கு வருத்தமே உண்டாகிறது.

இரண்டாம் நாள்: மிராஃப்ளோரஸ்

நகருக்கு மிக அருகில் உள்ள நீர்ப்பூட்டுகள் மிராஃப்ளோரஸில் இருக்கின்றன. ஆல்புரூக் பேருந்து முனையத்திலிருந்து பேருந்து உண்டு. டாக்சியில் அரை மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். எந்த நேரத்தில் செல்கிறீர்கள் என்பதே எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. குலேப்ரா வெட்டு என்ற குறுகிய பகுதியில் பெரிய கப்பல்கள் ஒன்றையொன்று கடப்பதைத் தவிர்ப்பதற்காக, காலையில் பசிபிக் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் அட்லாண்டிக் பக்கத்திலிருந்து ஒரு கூட்டமும் புறப்படுகின்றன. பசிபிக்கிலிருந்து ஏறும் கப்பல்கள் மிராஃப்ளோரஸை முற்பகலில் கடந்துவிடும். அட்லாண்டிக்கிலிருந்து வருபவை பிற்பகலில்தான் இங்கே வந்து சேரும். நடுவில் பல மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் போகலாம். நான் முதல்முறை நண்பகலில் போய்ச் சேர்ந்து, காலியான இரு தொட்டிகளையும் அவற்றின் மேல் அசையாமல் நின்ற வெயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கதவு திறக்கும் நேரத்திலேயே சென்று முதல் இரண்டு மணி நேரம் இருங்கள், அல்லது மூன்று மணிக்கு மேல் செல்லுங்கள். கப்பல்களின் நகர்வைக் காட்டும் கைப்பேசிச் செயலி ஒன்றை வைத்துக்கொண்டால், எது நெருங்கி வருகிறது என்பதை விடுதியிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

மேல்மாடத்தில் இடம் பிடித்துக்கொண்டபின், அவசரப்படாமல் ஒரு கப்பலைத் தொடக்கம் முதல் இறுதி வரை பாருங்கள். நான் பார்த்தது தானியம் ஏற்றும் வகைக் கப்பல். முதலில் துடுப்புப் படகில் இருவர் சென்று கப்பலிலிருந்து இறங்கிய கயிற்றை வாங்கினார்கள். அந்தக் கயிற்றின் முனையில் கட்டி ஏற்றப்பட்ட எஃகு வடங்கள், கரையின் இருபுறமும் தண்டவாளத்தில் நின்ற இழுவை எந்திரங்களோடு கப்பலைப் பிணைத்தன. முற்காலத்தில் கால்வாய்ப் படகுகளை இழுத்த கோவேறு கழுதைகளின் நினைவாக அந்த எந்திரங்களுக்கு ‘மூலாஸ்’ என்று பெயர். மணியோசை எழுப்பியபடி அவை படிக்கட்டின் சரிவில் ஏறும். கப்பலை முன்னோக்கிச் செலுத்துவது கப்பலின் சொந்த எந்திரமே. மூலாஸ் அதைச் சுவரில் உரசாமல் நடுவில் பிடித்துச் செல்கின்றன. தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், இந்தப் பழைய பூட்டுகளில் நுழையக்கூடிய மிகப் பெரிய கப்பலின் அகலம் ஏறத்தாழ 32.3 மீட்டர். இருபுறமும் மிஞ்சுவது 60 சென்டிமீட்டர். மாடத்திலிருந்து பார்க்கும்போது அந்த இடைவெளியே தெரியவில்லை. கறுத்த இரும்புச் சுவர் ஒன்று கான்கிரீட் சுவரை ஒட்டி ஊர்ந்து செல்வது போல் இருந்தது.

அதன் பிறகு கதவுகள் மூடின. இரண்டு மீட்டருக்கும் அதிகமான தடிமன் கொண்ட அந்த எஃகுக் கதவுகள் உள்ளே வெற்றிடமாக இருப்பதால் நீரில் மிதக்கின்றன. ஆகவே சிறிய விசையே அவற்றைத் திறந்து மூடப் போதுமானது. இரு கதவுகளும் நேர்க்கோட்டில் சேராமல், உயர்ந்த நீர்மட்டத்தை நோக்கி ‘வி’ எழுத்தைப் போலக் கூம்பிச் சேருவதைக் கவனியுங்கள்: நீர் தள்ளத் தள்ள அவை இன்னும் இறுகுகின்றன. தொட்டியின் தரையில் 100 துளைகள் இருக்கின்றன. மேலே உள்ள நீர், சுவருக்குள் ஓடும் பெருங்குழாய்கள் வழியாக அந்தத் துளைகளில் புகுந்து கீழிருந்து எழும்புகிறது. இரைச்சல் இல்லை, நுரை இல்லை. கப்பலைச் சுற்றி நீர் மெல்லப் புரள்வது மட்டும் தெரியும். சுவரில் ஈரமாக இருந்த கறுப்புக் கோடு மறைந்தது, பிறகு பாசி படிந்த ஏணிப்படிகள் ஒவ்வொன்றாக மறைந்தன, சிறிது நேரம் முன்பு மாடத்துக்குக் கீழே இருந்த கப்பலின் மேல்தளம் எங்கள் கண்மட்டத்துக்கு வந்து, அங்கே நின்ற மாலுமி ஒருவர் கையசைத்தார். எல்லாம் பத்து நிமிடங்களுக்குள். இதில் எங்கும் நீரேற்றும் பம்பு கிடையாது. உயரத்தில் இருக்கும் ஏரியிலிருந்து நீர் தன் எடையால் இறங்கி வருகிறது, அவ்வளவே. பசிபிக்கின் ஏற்றவற்றம் ஆறு மீட்டர் வரை இருப்பதால், கால்வாயின் மிக உயரமான கதவுகள் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. அட்லாண்டிக் பக்கத்தில் ஏற்றவற்றம் அரை மீட்டர்கூட இல்லை.

கப்பலின் கட்டளை மேடையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வதும் நல்லது. மற்றத் துறைமுகங்களில் வழிகாட்டி மாலுமி ஆலோசனை மட்டுமே சொல்வார், பொறுப்பு கப்பல் தலைவருடையது. இங்கே கப்பலைச் செலுத்தும் முழு அதிகாரமும் கால்வாயின் வழிகாட்டி மாலுமிக்கு மாறிவிடுகிறது. கட்டணமோ பெரிய கொள்கலன் கப்பலுக்குப் பல லட்சம் டாலர் வரை செல்கிறது. 1928இல் நீந்தியே கடந்த அமெரிக்கப் பயண எழுத்தாளர் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டனிடம் அவருடைய எடையைக் கணக்கிட்டு வாங்கிய கட்டணம் 36 சென்ட்.

திரும்புவதற்கு முன் எதிர்த்திசையில் தொலைவில் பாருங்கள். மரங்களுக்கு மேலே கொள்கலன் அடுக்குகள் மட்டும் நகர்ந்து செல்வது தெரிந்தால், அது 2016 ஜூன் 26இல் திறக்கப்பட்ட கொகொலி என்ற புதிய பூட்டுகளின் வழியாகச் செல்லும் பெருங்கப்பல்.

மூன்றாம் நாள்: ஏரி

பெரும்பாலானோர் விட்டுவிடும் நாள் இது, நான் மிகவும் வற்புறுத்துவதும் இதுவே. மிராஃப்ளோரஸைத் தாண்டிச் செல்லும் அதே சாலையில் பெட்ரோ மிகேல் என்ற ஒற்றைப் படிப் பூட்டு வருகிறது. அதை அடுத்துப் பராயிசோ அருகே, சரிவில் வெள்ளைச் சிலுவைகள் வரிசையாக நிற்கும் பிரெஞ்சுக் கல்லறைத் தோட்டம். வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திச் செல்லுங்கள். சாலை முடியும் இடத்தில் கம்போவா என்ற சிற்றூர் இருக்கிறது. சாக்ரஸ் ஆறு கால்வாயில் கலப்பது இங்கேதான். மண் சரிந்துகொண்டே இருக்கும் குலேப்ரா வெட்டைத் தூர்வாரும் கலங்களின் தளமும் இதுவே. கால்வாய் வெட்டி முடிக்கப்பட்ட வேலை அன்று, ஆண்டு முழுவதும் நடக்கும் வேலை என்பது அந்தக் கலங்களைக் கண்டால் தெரியும்.

கம்போவாவிலிருந்து சிறு படகுகளில் காதூன் ஏரிக்குள் அழைத்துச் செல்கிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு காலையிலேயே கிளம்புங்கள். 1910களில் பள்ளத்தாக்கு நிரம்பியபோது கரையோர ஊர்களும் காடும் மூழ்கின. நூறாண்டுக்கு மேலாகியும் மக்காத மரக்கட்டைகள் இன்னமும் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன. மூழ்காத குன்றுகள் தீவுகளாயின. அவற்றுள் பெரியதான பாரோ கொலராடோவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வெப்பமண்டல ஆய்வு நிலையம் இருக்கிறது, அவர்களிடம் முன்கூட்டியே பதிவு செய்தால் மட்டுமே கால்வைக்க முடியும். தீவின் ஓரம் படகை நிறுத்தி, கிளைகளில் குரங்குகள் தாவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எங்கள் பின்னால் ஒரு கொள்கலன் கப்பல் ஓசையின்றிக் கடந்து சென்றது. அதன் அலை வந்து சேர்ந்து படகு ஆடிய பின்னரே திரும்பிப் பார்த்தோம்.

இந்த நீரின் கணக்கைப் படகில் இருக்கும்போது நினைத்துப் பாருங்கள். பழைய பூட்டுகளின் வழியாக ஒரு கப்பல் ஒரு கடலிலிருந்து மறுகடலுக்குச் செல்ல, ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் ஏரியிலிருந்து கடலுக்குப் போய்விடுகிறது. 2023இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் மழை பொய்த்தபோது, நாளொன்றுக்கு 36 கப்பல்கள் வரை விடும் கால்வாய் அந்த எண்ணிக்கையை 22 வரை குறைத்தது. பெருங்கப்பல்கள் நீருக்குள் அமிழக்கூடிய ஆழமும் 50 அடியிலிருந்து 44 அடியாகக் குறைக்கப்பட்டதால், அவை சரக்கைக் குறைத்து ஏற்றிக்கொண்டு வந்தன. ஏரியைச் சுற்றியும் சாக்ரஸின் தலைப்பகுதியிலும் உள்ள காடுகளைத் தேசியப் பூங்காக்களாகக் காத்துவருவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்தக் காடுகளில் ஒன்றான சொபெரானியா கம்போவாவை ஒட்டியே இருக்கிறது. பறவைகளில் விருப்பம் உள்ளவர்கள், அதன் நடுவே செல்லும் பழைய எண்ணெய்க்குழாய்ச் சாலையில் விடியற்காலை நடப்பதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கிக்கொள்ளலாம்.

படகுக்குப் பதிலாகக் கால்வாயையே கடந்து பார்க்க விரும்பினால், பயணிகளுக்கான கலங்கள் பசிபிக் பக்கத்துப் பூட்டுகளின் வழியாகப் பாதித் தொலைவு அழைத்துச் செல்கின்றன. முழுத் தொலைவும் செல்லும் பயணம் அரிதாகவே நடக்கும், நாள் முழுவதும் எடுக்கும். பாதிப் பயணமே போதுமானது என்பது என் கருத்து.

நான்காம் நாள்: அட்லாண்டிக் பக்கம்

ஆல்புரூக்கிலிருந்து கொலோன் நகருக்கு விரைவுப் பேருந்துகள் ஓடுகின்றன. ஆயினும் அன்று பார்க்க வேண்டிய இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருப்பதால், நாள் வாடகைக்கு ஒரு காரைப் பேசிக்கொள்வதே சரி. இருவர் மூவராகச் சேர்ந்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும். கொலோன் நகரத்துக்குள் வறுமையும் குற்றமும் மிகுதி; கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருக்களில் நடக்க வேண்டாம்.

முதலில் ஆகுவா கிளாரா, இந்தப் பக்கத்தின் புதிய பூட்டுகள். குன்றின் மேல் இருக்கும் பார்வை மாடத்தில் நின்றால், ஒரு கண்பார்வையில் ஏரியும் மூன்று படிகளும் தூரத்துக் கடலும் தெரிகின்றன. மிராஃப்ளோரஸைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு வேறுபாடுகள் உடனே புலப்படும். 427 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்ட இந்தத் தொட்டிகளில் மூலாஸ் இல்லை. முன்னும் பின்னும் இழுவைப் படகுகள் கப்பலைப் பிடித்துச் செல்கின்றன. கதவுகள் கீலில் திரும்பாமல் பக்கவாட்டில் உருண்டு சென்று சுவருக்குள் மறைகின்றன. ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் குளங்களைப் போல மூன்று தேக்கங்கள் இருப்பதைத் தவறாமல் பாருங்கள். தொட்டியை வடிக்கும்போது நீரின் பெரும்பகுதியை இவற்றில் தேக்கிவைத்து அடுத்த முறைக்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள்; பயன்படும் நீரில் 60 விழுக்காடு இவ்வாறு மீட்கப்படுகிறது. கப்பல் வெளியேறும்போது தேக்கங்களின் நீர்மட்டம் எப்படி மாறியிருக்கிறது என்று பார்ப்பதே இங்கே எனக்குப் பிடித்த காட்சி.

அங்கிருந்து 2019இல் திறக்கப்பட்ட அட்லாண்டிக் பாலத்தைக் கடந்து, காதூன் அணையை நோக்கிச் செல்லுங்கள். இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள மண் அணை. அடிப்பகுதியின் அகலம் ஏறத்தாழ 800 மீட்டர் என்பதால், புல் படர்ந்த குன்று என்றே முதலில் தோன்றும். மழைக்காலத்தின் இறுதியில் ஏரி நிரம்பினால் மதகுகளைத் திறந்துவிடுவார்கள். அந்த நாட்களில் வாய்த்தால் நீரின் முழக்கத்தைக் கேட்கலாம். சாலையின் கடைசியில் சான் லொரென்சோ என்ற பழைய ஸ்பானியக் கோட்டை இருக்கிறது. 1671இல் கடற்கொள்ளையன் மோர்கன் பனாமா நகரைச் சூறையாடச் சென்றது, இந்தக் கோட்டையைத் தன் ஆட்கள் பிடித்த பின், இங்கிருந்து சாக்ரஸ் ஆற்றின் வழியாகத்தான். கோட்டைச் சுவரின் விளிம்பில் நின்றால், அணையைத் தாண்டி வந்த சாக்ரஸின் மிச்சம் பழுப்பு நிறத்தில் காட்டுக்குள்ளிருந்து வெளிப்பட்டுக் கரீபியக் கடலில் கலப்பது தெரியும். தடுப்புக் கம்பிகள் எல்லா இடத்திலும் இல்லை என்பதால் குழந்தைகளைக் கைப்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் உணவும் கையோடு கொண்டு செல்லுங்கள். மாலை இருட்டுவதற்கு முன் நெடுஞ்சாலைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஊர் திரும்பும்போது

புறப்படும் நாளன்று மஞ்சள் காய்ச்சல் சான்றிதழைக் கடவுச்சீட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். விமான நிறுவனத்தின் முகப்பிலேயே அதைக் கேட்கலாம். இந்தியாவில் இறங்கியதும், குடியேற்றச் சோதனைக்கு முன்பாக உள்ள சுகாதார மேசையில் மறுபடி கேட்பார்கள். அந்த இடத்துக்குப் பிறகுதான் பெட்டிகள் கைக்கு வரும் என்பதால், பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்ட சான்றிதழால் பயனில்லை.